நகரும் வீட்டின் முகம்

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா படப்பிடிப்புதான். நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் அந்தக் குளுகுளு வண்டி இப்போது குடும்பங்களின் கைக்கும் வந்துவிட்டது. டெம்போ டிராவலர் போன்ற வேனுக்குள் இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் பொருத்தித் தரும் பட்டறைகள் பெருகிவருகின்றன. வாடகைக்கும் கிடைக்கிறது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. கோடை விடுமுறைக்குத் தென்கோடியிலிருந்து லடாக் வரை வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கிப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு வண்டியை வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். படுக்கை எத்தனை அடி? தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர்? ஏ.சி. இரவு முழுக்க ஓடுமா? எல்லாமே வண்டியின் வயிற்றைப் பற்றிய கேள்விகள். முகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் நாளுக்கு 400 கிலோமீட்டர் ஓடும்போது அடி வாங்குவது முகம்தான்: பூச்சி ஒரு பக்கம், கல் இன்னொரு பக்கம்.

காரில் போகிறவருக்குக் கண்ணாடி விரிந்தால் அது செலவுக் கணக்கு. ஓட்டலில் அறை எடுத்துவிட்டு மறுநாள் மெக்கானிக்கைத் தேடலாம். கேரவனில் போகிறவருக்கு வண்டி நின்றால் வீடே வழியில் நின்றுவிட்டது என்று பொருள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஓட்டுகிறவரின் பார்வை மங்கினால் பின்னால் படுத்திருக்கும் ஐந்தாறு உயிர்களும் அந்த மங்கிய பார்வையை நம்பித்தான் பயணம் செய்கின்றன.

முதலில் பூச்சி. காரின் முன் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும். காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு மேலே போகும்போது இலேசான பூச்சிகள் பலவற்றையும் கூடவே தூக்கிச் சென்றுவிடும். வேனின் முகம் உயரமானது, நிமிர்ந்தது. வருகிற பூச்சியெல்லாம் நேராக வந்து மோதும். மழைக்காலத்தின் முதல் சில மழைகளுக்குப் பிறகு, பொழுது சாயும் நேரத்தில் கிளம்பும் ஈசல் கூட்டத்துக்குள் ஒருமுறை ஓட்டியவர்களுக்கு இது தெரியும். வங்காளத்தில் காளி பூஜை நாட்களில் விளக்கைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சிக்கு ‘சியாமா போகா’ என்றே பெயர். நெல் வயல்களின் நடுவே போகும் சாலை எதுவானாலும் அறுவடையை ஒட்டிய இரவுகளில் இதே கதைதான். 2020 மே மாதம் பாலைவன வெட்டுக்கிளிகள் ஜெய்ப்பூர் நகருக்குள்ளேயே வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிராம் எடை. அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் வண்டியைச் செலுத்தினால் ரேடியேட்டரின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

கண்ணாடியில் பூச்சி நசுங்கியதும் பெரும்பாலோர் செய்யும் காரியம் வைப்பரைத் தட்டுவது. உலர்ந்த கண்ணாடியில் வைப்பர் பூச்சியைத் துடைப்பதில்லை. அதன் கொழுப்பைக் கண்ணாடி முழுவதும் பூசிவிடுகிறது. பகலில் இது தெரியாது. இரவில் எதிரே ஒரு லாரி ஹெட்லைட்டுடன் வரும்போது கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் படரும். அந்த இரண்டு விநாடியில் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் கண்ணில் படாது. ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் வைப்பர். வாஷர் தொட்டியில் வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கண்ணாடிக்கென்று விற்கும் திரவத்தைக் கலந்து வைத்திருங்கள். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள். ஈசல் கிளம்பும் மாலையில் சாலையோர தாபாவில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் டீ குடிப்பது இதையெல்லாம்விடச் சுலபம். அந்தக் கூட்டம் நெடுநேரம் நீடிப்பதில்லை.

பெயின்ட் மேல் ஒட்டிய பூச்சிக்கு வேறு அவசரம். அதன் உடல்நீர் வெயிலில் காயக் காய இறுகி, பெயின்ட்டின் மேல் பூச்சை அரிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் கறை நிலைத்துவிடும். அன்றன்றைய பயணம் முடிந்ததும், முகம் ஆறிய பிறகு, ஈரத் துணியைப் பூச்சிகள் மேல் விரித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு வண்டி ஷாம்பூ கலந்த தண்ணீரில் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். சுரண்டக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் நார் வேண்டவே வேண்டாம். துணி சோப்புத்தூளும் கூடாது. அது மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். புறப்படுவதற்கு முதல் நாள் முகப்பு முழுவதும் நல்ல மெழுகு பூசியிருந்தால் பூச்சி அவ்வளவு சுலபத்தில் பிடித்துக்கொள்ளாது. கேரவனின் பக்கவாட்டு ஜன்னல்கள் பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனவை. அவற்றை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் மங்கிப்போகும். தண்ணீர் மட்டும் போதும்.

கண்ணில் படாத இடம் ரேடியேட்டர். பூச்சியும் சருகும் பஞ்சு விதையும் சேர்ந்து அதன் முன்னால் ஒரு கம்பளியே போர்த்திவிடும். வெப்பமானி முள் ஏறும். டிரைவர் கூலன்ட் ஊற்றுவார், தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிப்பார். முன்னால் குனிந்து பார்க்க மாட்டார். இன்ஜின் ஆறிய பிறகு, முடிந்தால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் குழாயை அருகில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கிரில்லுக்குள் அலுமினிய வலை பொருத்தலாம். ஆனால் கொசுவலை போல நெருக்கமான வலை காற்றையும் சேர்த்துத் தடுத்துவிடும். கண் சற்றுப் பெரிதாக, கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும்.

சமவெளியில் இந்த அலட்சியம் மன்னிக்கப்படலாம், மலையில் முடியாது. மணாலியிலிருந்து லே போகும் சாலை தங்லங் லா கணவாயில் 5,300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். இன்ஜினைக் குளிர்விக்கக் கிடைக்கும் காற்றே குறைவு. அதிலும் பாதியைப் பஞ்சாப் வயல்களில் சேர்த்துவந்த பூச்சிகள் மறித்தால் கனமான வண்டி நடுமலையில் மூச்சு வாங்கும். மணாலியில் தங்கும் நாளில் ரேடியேட்டரைக் கழுவிவிட்டு ஏறுங்கள்.

அதே மலைச் சாலைதான் இரண்டாவது எதிரியையும் அறிமுகப்படுத்தும்: கல். மணாலி பக்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதாங் கணவாயின் அவதியைப் போக்கிவிட்டது. ஆனால் அதற்கப்பால் பனி உருகி அரித்த இடங்களில் தார் போய் ஜல்லி மட்டும் மிஞ்சியிருக்கும். எல்லாக் கல்லும் மலையில்தான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரி நாடு முழுவதும் நான்கு வழிச் சாலைகளில் ஓடுகிறது. லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையில் சிக்கிய கல் எப்போது விடுபடும் என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் பலரும் கவனிக்காத உண்மை ஒன்று இருக்கிறது. முன்னால் போகும் வண்டி கிளப்பிய கல் பெரும்பாலும் காற்றில் எழும்பி வேகம் இழந்து தொங்குகிறது. அதன்மேல் போய் மோதுவது நாம்தான். அடியின் பலத்தைத் தீர்மானிப்பதும் நம் வேகம்தான். வேகம் 60-லிருந்து 90 ஆனால், அதாவது ஒன்றரை மடங்கானால், மோதும் சக்தி இரண்டேகால் மடங்கு. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நட்டிருப்பார்கள். முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் அதில் பாதித் தூரமாவது இருக்கட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நாலரை விநாடி. அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்தால் நுழையட்டும், மறுபடியும் பின்வாங்குங்கள். ஜல்லிச் சாலையில் எதிரே வண்டி வந்தால் இருவர் வேகமும் கூடித்தான் மோதும். இடப்பக்கம் ஒதுங்கி மெதுவாக்கிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும்.

இதைச் செய்யாமல் பலரும் நாடுவது கவசத்தை. வண்டியின் முன்னால் எருமைக் கொம்பு மாதிரி இரும்புக் குழாய் மாட்டுகிறார்கள். புல் பார் என்று பெயர். கல்லையும் தடுக்காது, பூச்சியையும் தடுக்காது. தடுப்பது ஏர்பேக்கைத்தான்: மோதலை உணரும் சென்சார் சரியான நேரத்தில் இயங்காமல் போகலாம். குறுக்கே வரும் பாதசாரிக்கோ அது எமன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு இது விரோதம் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இன்னும் கடைகளில் விற்கிறது, இன்னும் வாங்குகிறார்கள். முகப்பில் மாட்டும் ரெக்சின் உறையும் அரைகுறைப் பலன்தான். அடியில் புகுந்த மண் பெயின்ட்டைத் தேய்க்கும். நனைந்தால் ஈரம் தங்கும். மாட்டினால் தினமும் கழற்றிக் காயவையுங்கள். செலவழிக்க மனமிருந்தால் பெயின்ட் மேல் ஒட்டும் நிறமற்ற பாலியூரிதேன் படலம் நல்ல பலன் தரும். பம்பருக்கும் முகப்புக்கும் மட்டும் ஒட்டினால் போதும்.

உண்மையில் கவசம் தேவைப்படும் இடம் அடிவயிறு. கேரவனின் கழிவுநீர்த் தொட்டியும் அதன் குழாயும் வால்வும் தரைக்கு மிக அருகில் தொங்குகின்றன. அவற்றின்மேல் கல் வீசுவது பெரும்பாலும் நம் வண்டியின் முன் சக்கரமேதான். சக்கரங்களுக்குப் பின்னால் அகலமான மட் ஃபிளாப், ஆயில் சம்ப்புக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, வெளியே தெரியும் குழாய்களுக்குப் பழைய லாரி டியூபை வெட்டிச் சுற்றிய உறை: இவ்வளவுதான். மலையடிவாரத்தில் எந்தப் பட்டறையிலும் அரைநாளில் முடியும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ஒரு கல் விழத்தான் செய்யும். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்த லேமினேட்டட் கண்ணாடி. கல் பட்டால் நட்சத்திரம் போல் விரியுமே தவிர உதிர்ந்து கொட்டாது. பதறி பிரேக் அடிக்காமல் மெதுவாக ஓரம் கட்டுங்கள். சில்லு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் இருந்து, ஓட்டுகிறவரின் நேர்ப்பார்வையிலும் ஓரத்திலும் இல்லாமல் இருந்தால், பிசின் செலுத்திச் சரிசெய்துவிடலாம். அதுவரை தூசியும் நீரும் புகாமல் செலோடேப் ஒட்டிவையுங்கள். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும், ஏ.சி. காற்றை நேராகக் கண்ணாடிக்குத் திருப்புவதும் சில்லை நீண்ட விரிசலாக்கிவிடும்.

இன்ஷூரன்ஸ் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதமும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் கழிப்பார்கள். கேரவனின் உடலில் பெரும்பகுதி இவைதான். சின்னச் சில்லுக்காக உரிமை கோரினால் 20-லிருந்து 50 சதவீதம் வரை சேரும் நோ கிளெய்ம் போனஸ் பறிபோகலாம்; அதைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம். வேனைக் கேரவனாக மாற்றிய விவரம் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது.

கடைசியாக ஒரு பூச்சி பாக்கி. வண்டி சில வாரம் சும்மா நின்றால் அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜின் காற்றுக் குழாய்களில் குளவி மண்கூடு கட்டிவிடும். புகை வெளியேற வழியில்லாமல் போனால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களுக்கு எச்சரிக்கையும் தராது. குழாய் வாய்களில் கம்பி வலை போட்டு, பயணத்துக்கு முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சாலையில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியைப் பார்த்தால் திட்டிவிட்டுப் போகாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையானால் 1033-க்கு ஒரு போன் செய்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பார். அவருக்கு முன் கண்ணாடி கிடையாது.