றப்பர் தோட்டத்தில் பனி பெய்யும் பிறந்தநாள்

 

ஊர் உறவுகளே, பெற்றோரே, சக ஆசிரியர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரும். வந்தாலும் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட என்று எங்கள் பக்கத்திலும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு 'தீம்' பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பெண்பிள்ளை என்றால் பெரும்பாலும் 'குளிர்காலம்' தான். நீலமும் வெள்ளையுமாகப் பலூன், எல்சா படம் அடித்த பெனர், நீலக் கேக், மேசையைச் சுற்றிப் பஞ்சு, தரையில் உதிர்த்துவிட்ட ரெஜிபோம். கேக் வெட்டும் நேரத்தில் டின்னிலிருந்து பனி அடிக்கிறார்கள். வெளியே தகரத்தில் மழை கொட்டுகிறது, உள்ளே பனி பெய்கிறது.

பிறந்தநாள் கூடுமா கூடாதா என்ற மார்க்கப் பேச்சுக்கு நாம் வரவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்புகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இது எல்லா வீட்டுக்கும் சொல்வது. எங்கள் சண்டை பிறந்தநாளோடு இல்லை. அழைப்பிதழின் கடைசி வரியோடு: 'நீலம் அல்லது வெள்ளை உடையில் வரவும்.'

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று வகுப்பில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அழைப்பிதழை வகுப்பிலேயே கொடுக்கிறார்கள். சில இடங்களில் ஆசிரியர் கையாலேயே கொடுக்க வைக்கிறார்கள். பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை தரம் 3இல் நான்கு பிள்ளைகள் இல்லை. லயத்துக்குப் போய் விசாரித்தால் காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. நீலக் கவுணும் இல்லை, கையில் கொண்டுபோகப் பரிசும் இல்லை, அதனால் போகவில்லை. போகாதவர்களுக்குத் திங்கட்கிழமை கதைக்க ஒன்றுமில்லை, அதனால் பள்ளிக்கும் வரவில்லை. ஒரு தாய் கடையில் கடனுக்குக் கவுண் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

கணக்கையும் பார்ப்போம். 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வருவதற்கே எத்தனை வருடப் போராட்டம்! 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் 1,350ஆக இருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா போனால் அப்போது கைக்கு வந்தது 1,242. அதுவும் முழுப்பேர் கிடைத்தால். கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப்பேர். இனி நீங்களே கடையில் அந்த நீலக் கவுணின் விலையைக் கேட்டு, அது எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். அடுத்த வருடம் அந்தக் கவுண் பிள்ளைக்கு அளவும் இல்லை.

உடனே ஒரு கேள்வி வரும்: "அப்போ தோட்டத்துப் பிள்ளைக்கு ஆசை இருக்கக்கூடாதா? எல்சா கொழும்புப் பிள்ளைக்கு மட்டுமா?" நியாயமான கேள்வி. நாம் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இந்த லயங்களில் எத்தனை பேரிடம் காட்டப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? தான் பிறந்த நாளே தெரியாத பாட்டிமாரை இன்றும் காணலாம். அப்படியான பாட்டியின் பேத்திக்குத் தேதி, மாதம், வருடம் எல்லாம் தெரிகிறது, அன்றைக்கு அவளுக்கு ஒரு கேக் வெட்டுகிறார்கள் என்றால் அதில் எங்களுக்கும் சந்தோஷம்தான். வெட்டுங்கள். ஆனால் ஒரு பிள்ளையின் நாளைக் கொண்டாட இன்னும் நான்கு பிள்ளைகளை வீட்டில் ஒளித்துவைக்க வேண்டுமா?

இந்தப் பனி எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கலாம். எல்சா படம் டிஸ்னி நிறுவனம் 2013இல் வெளியிட்டது. அதற்குத் தூண்டுதல் டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1844இல் வெளியிட்ட பனி ராணிக் கதை. அவருடைய தகப்பன் செருப்புத் தைத்தவர், தாய் துணி வெளுத்தவர். அந்த ஏழை வீட்டுப் பிள்ளை எங்கேயும் போய்ப் பனி வாங்கவில்லை. அது வாசலில் கிடந்தது.

எங்கள் வாசலிலும் ஒரு குளிர்காலம் கிடக்கிறது, கேகாலைப் பக்கத்தாரே. 1876இல் ஹேனரத்கொடைக்குக் கன்றாக வந்த பிரேசில் மரம்தான் இன்று எங்களுக்குச் சோறு போடும் றப்பர். ஜனவரி, பெப்ரவரியில் அதன் இலை மஞ்சளாகி, செம்பு நிறமாகி உதிர்கிறது. மலை முழுக்க மொட்டை. தோட்டத் துரைமார் இதற்கு வைத்த பெயரே 'விண்டரிங்', குளிர்காலம் காண்பது. பிறகு தளிர் விடும். ஓயிடியம் என்ற பூஞ்சணம் பிடித்தால் அந்தத் தளிரில் வெள்ளையாகப் பொடி படிந்து, அதுவும் உதிர்ந்துவிடும். எங்கள் தோட்டத்தில் தானாக விழும் வெண்பனி இதுதான். இந்த மாதங்களில் பால் குறையும். மழைக்காலத்தில் பட்டை நனைந்தால் வெட்டவே முடியாது. நுவரெலியாவில் சொந்தம் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள், உறைபனி விழுந்த காலையில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும் கதையைச் சொல்வார்கள். தோட்டத்து வீட்டில் குளிர்காலம் என்றால் கையில் காசு குறையும் காலம். அந்த மாதம் பார்த்தா நீலக் கவுணுக்கு அழைப்பிதழ் அனுப்புகிறோம்?

டின் பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலானவற்றில் நுரையைத் தள்ளுவதற்கு எரியக்கூடிய வாயுதான் அடைத்திருக்கிறது. டின்னிலேயே நெருப்புக்கு அருகில் அடிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். நாம் அடிப்பதோ சரியாக மெழுகுதிரியை ஊதும் நேரத்தில், நைலோன் கவுண் போட்ட பிள்ளையின் முகத்துக்கு நேரே. ரெஜிபோம் உருண்டை கூட்டிப் பெருக்கினாலும் போகாது, கானுக்குத்தான் போகும். 2017 மே வெள்ளத்தில் இரத்தினபுரி பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? அதே வருடம் செப்டெம்பரில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கு நாட்டில் தடை வந்தது. பெட்டியைத் தடுத்தார்கள், நாம் அதையே உதிர்த்துப் பனி என்கிறோம்.

கடை வைத்திருக்கும் எங்கள் சகோதரர்களுக்கும் சொல்கிறோம். வியாபாரம் ஹலால்தான். ஆனால் சம்பள நாள் பார்த்து நீலக் கவுணை முன்னால் தொங்கவிட்டு, எடுக்க முடியாதவருக்குச் சீட்டுக் கட்டச் சொல்வதை நீங்களே ஒருமுறை யோசியுங்கள்.

பிள்ளைகள் பனி பார்க்க ஆசைப்படுகிறார்களா? பழைய பரீட்சைத் தாளை ஆறாக மடித்து, ஓரத்தை வெட்டி விரித்தால் ஆறு முனைப் பனிப்பூ. ஒவ்வொரு பிள்ளையின் பூவும் ஒவ்வொரு மாதிரி வரும், ஜன்னல் முழுக்க ஒட்டலாம். கடையில் ஒரு பை ஐஸ் வாங்கி, ஆளுக்கு ஒரு கட்டி கையில் கொடுத்து யாருடையது கடைசியில் கரைகிறது என்று பாருங்கள், சுற்றாடல் பாடமும் முடிந்தது. தரையில் உதிர்க்க வேண்டுமென்றால் பெப்ரவரியில் றப்பர் இலை மலையளவு கிடக்கிறது, அள்ளிவரப் பிள்ளைகளே ஓடுவார்கள். கூடவே ஆளுக்கு ஒரு துண்டு கேக்கும் ஒரு டொபியும் போதும். யூனிபோமோடு வரட்டும்.

வரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கிறோம். வகுப்பறையில் அழைப்பிதழ் பகிரக்கூடாது. பாடசாலைக்குள் நடக்கும் எந்தக் கொண்டாட்டத்துக்கும் உடை நிறமும் பரிசும் கேட்கக்கூடாது. ஆசிரியர்கள் அதற்குக் கை கொடுக்கவும் கூடாது. எதிர்ப்பவர்களும் கட்டாயம் வாருங்கள், நேருக்கு நேர் பேசுவோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மட்டும் வரவேண்டாம், அந்த நான்கு பேரின் பெயரும் அங்கே அடிபடக்கூடும்.