மூச்சை அடைச்சுட்டு கார்புரேட்டரைத் திட்டாதீங்க சாமிகளா!

ரொம்ப நாளா மனசுல குமைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன். இஞ்சின்னாலே ஓடற மக்களும் கொஞ்சம் பொறுத்துப் படிங்க, புரியற மாதிரிதான் எழுதப் போறேன். சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு: பழைய ஆறு சிலிண்டர் வண்டி மக்கர் பண்ணினா முதல்ல அதோட மூச்சைப் பாருங்க. கார்புரேட்டர் கடைசி.

எங்க சித்தப்பாகிட்ட ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே இருக்கு. 1950-கள்ல பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி கோர்த்த வண்டி. பிளைமவுத், டிசோட்டோ, டாட்ஜ் எல்லாம் அங்க கிட்டத்தட்ட ஒரே வண்டிதான், பேரு மட்டும் வேற. உள்ள இருக்கறது 3.6 லிட்டர் சைடு வால்வு இஞ்சின். வரிசையா ஆறு சிலிண்டர், தலைக்கு ஒத்தைக் கார்புரேட்டர். பானெட்டைத் திறந்தா ஒரு ஆள் உள்ள இறங்கி உக்காரலாம், அவ்ளோ இடம்.

மாமல்லபுரத்துல சொந்தக்காரங்க கல்யாணம்னா மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் போகும். முன்னாடி நாதஸ்வரம், பின்னாடி வண்டி, நடுவுல பொடிப்பசங்க ஆட்டம். ரெண்டு மணி நேரம் நடக்கற வேகத்துல ஊர்ந்து போகணும். போன வருஷம் அப்படிப் போனப்ப அடியில இருந்து நீலப் புகை. மாப்பிள்ளைக்குக் கண்ணெரிச்சல், மாமியாருக்கு இருமல். மறுநாள் சித்தப்பா ஒரு பட்டறைக்கு (பேரு வேண்டாம், விடுங்க) கொண்டு போனார். அங்க பண்ணின வைத்தியம் என்ன தெரியுமா? புகை வந்த குழாயில மரக்கட்டையைச் செதுக்கி ரப்பர் சுத்தி அடிச்சு வச்சுட்டாங்க. புகை நின்னுபோச்சு. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ரெண்டு மாசத்துல பின்பக்க சீல் வழியா ஆயில் ஒழுகி, கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சுது. பிளக் எல்லாம் கரி. ஸ்லோவுல நிக்கவே மாட்டேங்குது. உடனே 'கார்புரேட்டர் சார்'னு ஆரம்பிச்சாங்க. ஸ்க்ரூவை உள்ள திருகி, வெளிய திருகி, புது கிட் போட்டு, திரும்பத் திருகி... கடைசில தீர்ப்பு: "இஞ்சின் செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுட்டு டீசல் இஞ்சின் வச்சுடலாம்."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தறதுன்னா இதுதான்!

இப்ப அந்தக் குழாய் எதுக்குன்னு பாப்போம். எந்த இஞ்சின்லயும் பிஸ்டன் ரிங் நூத்துக்கு நூறு அடைக்காது. வெடிக்கற வாயு கொஞ்சம் கீழ க்ராங்க் கேஸுக்குள்ள கசியும். அதுல எரியாத பெட்ரோல் இருக்கும், அமிலம் இருக்கும், நீராவி இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உருவாகுதுங்க. அதுல துளி உள்ள தங்கினாலும் ஆயிலோட சேர்ந்து கசடாயிடும். அதை வெளிய தள்ளத்தான் அந்த பிரீதர் குழாய். ஆயில் ஊத்தற மூடியில இருக்கற வலை வழியா நல்ல காத்து உள்ள போகும், கெட்ட காத்து கீழ வெளிய வரும்.

இங்கதான் சிக்கல். அந்தக் குழாயோட கீழ் முனை வண்டி ஓடறப்ப அடிக்கற காத்துல உறிஞ்சற மாதிரி அமைச்சது. ஈ.சி.ஆர்.ல அறுபதுல போனா ஜோரா வேலை செய்யும். மாப்பிள்ளை ஊர்வலத்துல? காத்தே இல்ல, எங்க உறிஞ்சறது? உள்ளயே புழுங்கும். எங்க வண்டியில மேல் மூடி வலையும் கசடு அடைச்சுக் கிடந்தது. கீழ கட்டை, மேல கசடு. அழுத்தம் எங்க போகும்? சீலைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும். இதுல கார்புரேட்டர் பாவம் என்னய்யா பண்ணும்?

செங்கல்பட்டுல ஒரு ரிட்டயர்டு மெக்கானிக் பெரியவரைக் கூட்டிட்டு வந்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுக்கவே இல்ல மனுஷன். முதல்ல ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்தார். ஆறும் கிட்டத்தட்ட ஒரே அளவு. "செத்துப்போச்சுன்னு எவன் சொன்னான்?"னு கேட்டுட்டு கட்டையைப் பிடுங்கினார். மூடியை மண்ணெண்ணெயில ஊற வச்சுக் கழுவினார். சீல் மாத்தி, ஆயில் மாத்தி, பிளக், பாயிண்ட் இடைவெளி, டைமிங் எல்லாம் சரி பண்ணினார்.

அப்புறம் என் பங்குக்கு ஒரு பி.சி.வி. வால்வு போடலாம்னு சொன்னேன். குழாயை நேரா வெளிய விடாம, ஒரு வால்வு வழியா இன்டேக் மேனிஃபோல்டுல சேர்க்கறது. ஸ்லோவுல இஞ்சினே உறிஞ்சிக்கும், வண்டி ஓட வேண்டிய அவசியமில்ல. உள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு முளை. ஸ்லோவுல வேக்குவம் பலமா இழுக்கறப்ப வழி குறுகும், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா விரியும்.

இங்க தான் தூய்மைவாதி அண்ணன்மார் வருவாங்க. "ஒரிஜினல் கெட்டுப்போச்சு!" அண்ணே, இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்புலயே மேனிஃபோல்டுல இந்த வால்வு இருந்துது. கலிபோர்னியாவுல 1961 மாடல் கார்கள்லயும், 1963-ல அமெரிக்கா முழுக்கவும் வந்துடுச்சு. ஏன்னா கார் விடற ஹைட்ரோகார்பன் புகையில ஏறத்தாழ ஐந்துல ஒரு பங்கு சைலன்சர்ல இருந்து வரல, இந்தக் குழாயில இருந்துதான் வந்துது. அதைச் சுவாசிச்சது பின்னாடி நடந்து போன நம்ம ஜனம். 2021-ல நம்ம அரசு கொண்டு வந்த பழங்கால வாகன விதியும் 50 வருஷம் தாண்டின வண்டி மூல வடிவத்துல இருக்கணும்னுதான் சொல்லுது. டீசல் இஞ்சினைத் திணிக்கறதுக்கு வாயைத் திறக்காதவங்க, நாளைக்கே கழட்டிடக் கூடிய ஒரு ஹோஸுக்குக் குதிக்கறது என்ன நியாயம்? பழைய குழாயை டிக்கியில பத்திரமா வச்சிருக்கோம்.

அதுக்காக கண்ட வால்வையும் மாட்டிடாதீங்க. பெரிய வி-8 வால்வைக் கொண்டு வந்து மாட்டினா ஸ்லோவுல காத்து அதிகமாகி இஞ்சின் தடுமாறும். இது மேனிஃபோல்டுல நாமே வைக்கற ஓட்டைதானே. அதனாலதான் மூச்சு முதல்ல, கார்புரேட்டர் கடைசி. இஞ்சின் நல்லா சூடானதும் வேக்குவம் கேஜ் மாட்டி, ஸ்லோ மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவா உள்ள திருகுங்க. தடுமாறினதும் வெளிய திருப்புங்க. முள் எங்க உச்சத்துல ஆடாம நிக்குதோ அதான் இடம். எங்களுக்கு 18 அங்குலத்துல நின்னுது. மூடியைக் கழட்டி ஒரு கல்யாணப் பத்திரிகையை ஓட்டை மேல வச்சேன். சப்புனு ஒட்டிக்கிச்சு!

இன்னொண்ணு. 2025-ல நம்ம பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதத்துக்கு வந்தாச்சு. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா இதுக்கு 13.5 போதும். அதாவது பழைய ஜெட்ல கலவை மெலிஞ்சு போகும். மெயின் ஜெட் ஒரு அளவு பெருசாகத் தேவைப்படலாம், பழைய ரப்பர் ஹோஸையும் மாத்துங்க. இது நிஜமான கார்புரேட்டர் வேலை. ஆனா கட்டை அடிச்ச இஞ்சின்ல இதைப் பண்ணி எந்தப் பிரயோஜனமும் இல்ல.

ரிங் உண்மையிலேயே தேஞ்ச இஞ்சினை வால்வு காப்பாத்தாது, ஒத்துக்கறேன். ஆனா அதைக் கம்ப்ரஷன் கேஜ் சொல்லட்டும். எங்க ஊர்ல உளி பிடிக்கறவங்க மூக்குல சில்லு போச்சுன்னா சிலையையே கடல்ல வீசறதில்ல.

போன தை மாசம் இன்னொரு மாப்பிள்ளை அழைப்பு. ரெண்டே கால் மணி நேரம் ஊர்ந்தோம். யாரும் இருமல. டீசல் இஞ்சினுக்குச் சித்தப்பா குடுத்த அட்வான்ஸ் மட்டும் இன்னும் திரும்பி வரல :-)

டிஸ்கி: உங்க வீட்டு ஷெட்டுல இப்படி ஒரு வண்டி இருந்தா, போய் அந்தக் குழாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க. கட்டை தட்டுப்பட்டா சொல்லுங்க, பெரியவர் போன் நம்பர் தனியா தர்றேன்.