ஓவிய வகுப்பு வீணா?

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். “படம் வரைந்தால் மதிப்பெண் வருமா?” என்று வீட்டிலும் கேட்கிறார்கள். ஓவியம் வெறும் பொழுதுபோக்குதானா?

தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராச சோழன் 1010-ல் கட்டி முடித்தான். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1792-ல் தென்னாட்டில் பயணம் செய்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் அதனை வரைந்தனர். 1769-ல் பிறந்த வில்லியம், 1785-ல் கப்பலேறியபோது ஏறக்குறைய எங்கள் வயதினர்தாம்! புகைப்படம் இல்லாத அக்காலத்தில், பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தவற்றை இலண்டனில் செப்புத் தகடுகளில் பொறித்து அச்சிட்டனர். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. பெரிய கோயிலும் அவற்றுள் ஒன்று.

ஏறத்தாழ 216 அடி உயர விமானத்தைச் சிறு தாளில் கொண்டுவர அடுக்குகளை எண்ண வேண்டும். விகிதம் பிசகக் கூடாது. ஒளி எப்பக்கம் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். இவை கணக்கும் அறிவியலும் அல்லவா?

இன்று கைப்பேசியில் நொடியில் படமெடுத்து விடுகிறோம், நின்று பார்ப்பதில்லை. பல்லடத்துக்கு அருகிலுள்ள அவிநாசிக் கோயிலையும் திருமுருகன்பூண்டிக் கோயிலையும் எங்களில் எத்தனை பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? கடல் கடந்து வந்தவர்களுக்கு இருந்த பொறுமை, பக்கத்திலேயே வாழும் எங்களுக்கு வேண்டாமா?

ஆகவே, அன்புள்ள அருட்சகோதரியரே, பெற்றோரே! வாரத்தில் ஒரேயொரு பாடவேளையை எங்களுக்கு விட்டுவையுங்கள். தேர்வையும் நன்றாக எழுதுவோம். நம் ஊரையும் கண்ணாரக் கண்டு வரைவோம்.