விதியைச் சொல்லாத விளையாட்டும் விடையை முன்பே எழுதிவிடும் ஆய்வகமும்

2016 சனவரியில் வெளிவந்த ‘தி விட்னஸ்’ என்னும் கணினி விளையாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதிர்கள் உள்ளன. அவற்றின் விதிகளை விளக்கும் வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆளரவமற்ற ஒரு தீவு. ஆங்காங்கே கட்டம் வரைந்த பலகைகள். ஒரு வட்டத்தில் தொடங்கிக் கோட்டை இழுத்து மறுமுனையில் கொண்டுசேர்க்க வேண்டும். முதற்பலகையில் நேர்க்கோடு போதும். அடுத்ததில் திருப்பம் வருகிறது. சற்று நேரத்தில் கட்டங்களுக்குள் கறுப்பு, வெள்ளைச் சதுரங்கள் தோன்றுகின்றன. அவை எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. (நானும் இங்கே சொல்லப் போவதில்லை, இனி விளையாட இருப்பவர்களுக்கு அது இழைக்கும் தீங்கு.)

இத்தகைய விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கும் கல்வியாளர்கள் நம்மிடையே பலர். நம் ஆய்வுமுறையியல் வகுப்புகள் செய்யத் தவறும் ஒரு வேலையை இவை செய்துவருகின்றன என்பது என் துணிபு.

சதுரங்களைப் பார்த்த ஒருவர், ‘வெள்ளையைச் சுற்றிவர வேண்டும் போலும்’ என்று ஊகிக்கிறார் என்று கொள்வோம். ஊகம் பலிக்கிறது. அடுத்த பலகையிலும் பலிக்கிறது. பின்னர் ஒரு பலகையில் அது உடைந்துபோகிறது. அந்தப் பலகை தற்செயலாக அங்கே வைக்கப்பட்டதன்று. தவறான ஊகமும் சரியான விதியும் அதுவரை ஒரே விடையைத் தந்துவந்தன. அவை பிரியும் இடத்தை வடிவமைப்பாளர் ஜொனாதன் புளோ தேடிப்பிடித்து வைத்திருக்கிறார். பலகையில் கோடும் குறியும் தவிர வேறெதுவும் இல்லாததால், தோல்விக்குக் காரணம் ஊகமே என்பது தப்பாமல் தெரிகிறது. இவ்விளையாட்டுகளின் எளிமையை அழகியல் விருப்பமாக மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. (அதே தீவில் அறிஞர்களின் மேற்கோள்களை நீளநீளமாக ஒலிக்கவிடும் ஒலிப்பதிவுகளும் கிடக்கின்றன. மௌனத்தால் இவ்வளவு சொல்லத் தெரிந்தவருக்கு அவை எதற்கு?)

எல்லா எளிமையும் ஒன்றன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த பார்ட் பொன்டே 2017இல் வெளியிட்ட ‘யெல்லோ’வில் 50 நிலைகள், திரையை மஞ்சளாக்க வேண்டும் என்பது மட்டுமே குறிக்கோள். ஒவ்வொரு நிலைக்கும் தனித் தருக்கம். இனிய விளையாட்டுதான். ஆனால் ஒரு நிலையில் கண்ட விதி அடுத்ததில் பயன்படாததால் அறிவு சேர்வதில்லை; வியப்பு மட்டுமே சேர்கிறது.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனையை நம்மில் பலர் அறிவோம். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை; வேறு எண்களைச் சொல்லிச் சோதித்து விதியைக் கண்டறிய வேண்டும். பெரும்பாலோர் 8, 10, 12 போன்ற தம் ஊகத்துக்கு இசைவான எண்களையே கேட்டனர். ‘ஆம்’ என்ற விடைகளைச் சேர்த்துக்கொண்டு தவறான விதியை அறிவித்தனர். விதியோ, ஏறுவரிசையில் உள்ள மூன்று எண்கள் என்பது மட்டுமே. 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். நல்ல புதிர் விளையாட்டு அந்த ‘1, 2, 50’ஐத் தானே நம்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இப்போது நம் கல்லூரி ஆய்வகத்துக்கு வருவோம். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு என்ற வரிசை. ஊசல் ஒருமுறை ஆடுவதற்கு முன்பே சூத்திரம் எழுதப்பட்டுவிடுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வரவேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. வராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவீடுகளை நிரப்பும் கலை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. இதை மாணவரின் நேர்மைக் குறைவு என்று மட்டும் பார்ப்பது எளிது. ஊகம் உடையவே வாய்ப்பில்லாத சோதனையில் அளவீடு சடங்காகிவிடுகிறது. சடங்கை யாரும் கவனத்தோடு செய்வதில்லை.

வேறு வழி இந்நாட்டில் முயலப்படாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், பின்னர் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. அதன் ‘பால் வைஞானிக்’ நூல்களில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன. விடைகளைக் குழந்தைகளே கண்டு எழுதினர். தேர்வில் நூலைத் திறந்து பார்க்கலாம். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020 கண்டறிந்து கற்றலைப் பற்றிப் பேசும்போது, முப்பதாண்டு நடந்த இந்த முயற்சியை அல்லவா முதலில் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்?

மறுப்பு ஒன்று உண்டு, வலுவானதும்கூட. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் பயன் தராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் வாதிட்டனர். அனுபவமற்றவரைத் தேடவிட்டால் அவருடைய நினைவாற்றல் தேடலிலேயே தீர்ந்துவிடும் என்பது அவர்கள் கூற்றின் சாரம். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் ‘தி விட்னஸ்’ வழிகாட்டாத விளையாட்டன்று. எந்தப் பலகைக்குப் பின் எந்தப் பலகை என்ற வரிசைதான் அதன் ஆசிரியர். விதியைச் சொல்லாமல் இருப்பது ஒன்று, கைவிடுவது வேறொன்று. ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று இருபது நூல்களின் பட்டியலைத் தந்துவிட்டுப் போகும் நெறியாளர் செய்வது இரண்டாவது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டில் விதி உண்டு என்பது உறுதி. அதை ஒருவர் அமைத்திருக்கிறார். கல்வெட்டுக்கோ நோய்த் தரவுக்கோ அவ்வுறுதி கிடையாது. தேடும் ஒழுங்கே இல்லாமல் இருக்கலாம் என்ற ஐயத்தோடு ஆண்டுக்கணக்கில் உழைக்க எந்தப் புதிரும் பழக்குவதில்லை. மேலும், நிறத்தையும் ஒலியையும் நம்பிய புதிர்கள் நிறக்குருடு உள்ளவரையும் செவித்திறன் குறைந்தவரையும் ஒரு விளக்கமும் இன்றி வாசலில் நிறுத்திவிடுகின்றன.

எனினும் ஊகத்தை உடைத்துப் பார்க்கும் பழக்கத்துக்குக் கணினிகூடத் தேவையில்லை. ராபர்ட் ஆபட் 1956இல் உருவாக்கிய ‘எலூசிஸ்’ சீட்டாட்டத்தை மார்ட்டின் கார்ட்னர் 1959இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அறிமுகப்படுத்தினார். ஒருவர் இரகசிய விதியொன்றை வகுக்கிறார்; மற்றவர்கள் சீட்டுகளை இறக்குகிறார்கள்; பொருந்தும், பொருந்தாது என்பது மட்டுமே மறுமொழி. பின்னர் திருத்தப்பட்ட வடிவில், விதி தெரிந்துவிட்டது என்று நம்புபவர் தம்மைத் தீர்க்கதரிசியாக அறிவித்துத் தீர்ப்புச் சொல்லலாம், தவறினால் தண்டம்.

முனைவர் பட்டப் பாடநெறியின் ஆய்வுமுறையியல் தாளில் இதற்கு ஒரு மணி நேரமும் இரண்டு சீட்டுக்கட்டுகளும் போதும். விதியை முதலாண்டு ஆய்வாளர் ஒருவர் வகுக்கட்டும். பேராசிரியர்கள் ஊகிப்போர் வரிசையில் அமரட்டும்.