தானே அமைந்துகொள்ளும் கருவிகளும் அருகில் நிற்கும் மனிதரும்

கருவிகளின் கையேடுகளைத் தமிழாக்கும் பணியில் உள்ளோர் இக்காலத்தில் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'தானாகவே' என்பது. கருவி தானாகவே முகவரி எண்ணைப் பெற்றுக்கொள்ளும். தானாகவே தலைமை நிலையத்துடன் தொடர்பு கொள்ளும். பழுது நேரின் தானாகவே மாற்றுவழியை மேற்கொள்ளும் என்றெல்லாம் கையேடுகள் கூறுகின்றன. மொழிபெயர்ப்பில் பிழை ஏதுமில்லை. ஆயினும் இச்சொல்லைப் படிப்போர் மனத்தில் 'எவரும் முடிவு செய்யாமலே' என்றதொரு பொருளும் உடன் தோன்றிவிடுகின்றது. உண்மை அதுவன்று. எவரோ ஒருவர், வேறோர் இடத்தில், முன்னரே முடிவு செய்து வைத்ததைக் கருவி நிறைவேற்றுகின்றது, அவ்வளவே. அம்முடிவு யாது, அது எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதைக் கருவியின் அருகில் நிற்கும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும். பெரும்பாலும் அவர்களுக்கு அது சொல்லப்படுவதில்லை. இக்குறையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற வேண்டுமாயின், வீடுகளுக்குக் கதவிலக்கம் இருப்பது போல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். தொடக்கத்தில் இவ்வெண்களைப் பொறுப்பாளர் ஒருவர் ஏட்டில் குறித்து, ஒவ்வொரு பொறியிலும் கையால் பதித்து வந்தார். இரு பொறிகளுக்குத் தவறி ஒரே எண் இடப்பட்டால் இரண்டும் தடுமாறும். 1985-ஆம் ஆண்டில் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் என்னும் இருவர் வெளியிட்ட பூட்-பி என்னும் நெறிமுறை இத்தொல்லையைப் பாதி தீர்த்தது. பொறி தன் எண்ணைக் கேட்டுப் பெறும். ஆனால் எந்தப் பொறிக்கு எந்த எண் என்ற பட்டியலை மனிதரே எழுதி வைக்க வேண்டும். 1993-இல் ரால்ஃப் டிரோம்ஸ் வகுத்தளித்த டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை அப்பட்டியலையும் வேண்டாததாக்கிற்று. எண்ணை நிரந்தரமாகக் கொடாமல், குறித்த காலத்திற்குக் குத்தகையாகக் கொடுப்பது அதன் சிறப்பு. 1997-இல் திருத்தி வெளியிடப்பெற்ற அதன் வடிவமே இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் பரவியுள்ளது.

அது செயற்படும் முறையை அறிய மட்டாஞ்சேரி அன்பர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அவ்வூர் யூதர் தெருவில் 1957-ஆம் ஆண்டு முதல் மிளகு முன்பேர வணிகச் சந்தை நடைபெற்று வந்தது. கணிப்பொறித் திரைக்கு மாறும்வரை, அங்கே தரகர்கள் கூடி நின்று கூவியே விலை பேசினர். கொள்வேன் என்று ஒருவர் கூவுவார். கொடுப்பேன் என்று மற்றொருவர் கூவுவார். சரி என்றதும் பேரம் முடியும். புதிதாக மின்னிணைப்புப் பெற்ற கணிப்பொறி செய்வதும் இதுவே. தனக்கு எண் இல்லாமையால் தனி ஒருவரை அழைக்க அதற்கு வழியில்லை. எனவே, 'எண் கொடுப்பார் எவரேனும் உளரோ' என்று கம்பி முழுவதும் கேட்கக் கூவுகின்றது. எண் வழங்கும் பொறி, 'இதோ ஓர் எண்' என்கிறது. 'அதனையே எனக்குத் தருக' என்று கணிப்பொறி வேண்ட, 'தந்தோம், இத்தனை மணி நேரத்திற்கு' என்று மறுமொழி வருகின்றது. இந்நான்கு கூவல்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

நிற்க. மிளகுச் சந்தையில் கூவும் உரிமை உறுப்பினருக்கே உண்டு. டி.எச்.சி.பி. வகுக்கப்பட்டபோது இத்தகைய கட்டுப்பாடு அதனுள் வைக்கப்படவில்லை. முதலில் எவர் மறுமொழி கூறினாலும் பெரும்பாலான கணிப்பொறிகள் அதனை நம்பும். பள்ளியொன்றின் கணிப்பொறி அறையை எண்ணிக்கொள்வோம். கம்பியில்லா இணைப்பு வேண்டுமென்று எவரோ ஒருவர் நல்லெண்ணத்துடன் வீட்டிலிருந்த பழைய ரூட்டர் ஒன்றைக் கொணர்ந்து, வெளியிணைப்புக்குரிய துளையை விட்டு உள்ளிணைப்புக்குரிய துளையில் கம்பியைச் செருகிவிடுகின்றார். அந்த ரூட்டரும் எண் வழங்கப் பழகியதே. அது உடனே தன் போக்கில் எண்களை வழங்கத் தொடங்கும். அதனிடம் எண் பெற்ற கணிப்பொறிகள் யாவும் வெளியே செல்ல வாயிலின்றி நிற்கும். பழைய குத்தகை முடியாதவை மட்டும் ஒழுங்காக இயங்கும். சில பொறிகள் இயங்குவதும் சில இயங்காமையும் கண்டு ஆசிரியர் திகைப்பார். இணைப்பு வழங்குவோரைத் தொலைபேசியில் அழைத்தால், 'எங்கள் பக்கத்தில் குறையில்லை' என்பர். அதுவும் உண்மையே.

உறுப்பினர் அல்லாதார் கூவுவதைத் தடுக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று அதனைக் கூறுவர். எந்தத் துளையிலிருந்து வரும் மறுமொழியை ஏற்கலாம் என்பதைச் சுவிட்சில் குறித்துவிடலாம். விலை குறைந்த சுவிட்சுகளில் இவ்வசதி இராது. பள்ளிகளில் காணப்படுவனவோ பெரும்பாலும் விலை குறைந்தவையே. ஆனால் அவ்வறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டு, 'இவ்வலையமைப்பின் வாயில் எண் இது' என்று ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், ஆசிரியர் தம் கணிப்பொறித் திரையில் தோன்றும் வாயில் எண்ணை அதனுடன் ஒப்பிட்டு, 'வேறு எவரோ எண் கொடுக்கின்றார்' என்று ஐந்து நிமிடங்களில் கண்டுகொள்வார். ஒரு வரி இல்லாமையால் ஒரு வாரப் பாடம் தடைப்படுவதே என் மனத்தை உறுத்துவது.

இனி, சுவரில் பொருத்தப்பெறும் ஒளியிழைப் பெட்டியைக் காண்போம். ஓ.என்.டி. என்பது அதன் பெயர். மக்கள் அதனை மோடம் என்றே அழைக்கின்றனர். தலைமை நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, ஸ்ப்ளிட்டர் என்னும் கண்ணாடிப் பிரிப்பானில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குச் செல்கின்றது. நிலையம் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பும் செய்தி எல்லாப் பெட்டிகளுக்கும் எட்டும். தமக்குரியதை மட்டும் அவை எடுத்துக்கொள்ளும். மறு திசையில்தான் சிக்கல். பெட்டிகள் 1310 நானோமீட்டர் ஒளியில் விடுக்கும் விடைகள் யாவும் அதே ஓர் இழையில் வந்து சேர வேண்டும். இரண்டு ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் கெடும். எனவே ஒவ்வொன்றும் தனக்குக் குறிக்கப்பட்ட நேரத்துளியில் மட்டுமே பேசலாம். பெட்டிகளுள் ஒன்று 500 மீட்டர் தொலைவிலும் மற்றொன்று 15 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கலாம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி ஆகும். ஆகவே புதிய பெட்டி ஒன்று இணைக்கப்பட்டவுடன் நிலையம் அதனை வினவி, விடை வரும் நேரத்தை அளந்து, 'நீ இத்தனை மைக்ரோ வினாடி பொறுத்துப் பேசுக' என்று கட்டளையிடுகின்றது. அருகிலுள்ளது மிகுதியாகவும், தொலைவிலுள்ளது குறைவாகவும் பொறுக்கும். எல்லாம் ஒரே தொலைவில் இருப்பன போல் நிலையத்திற்குத் தோன்றும். இவ்வளவையும் மனிதர் கைபடாமல் அக்கருவிகளே செய்துகொள்வது வியப்பிற்குரியது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்வியத்தகு செயல் தொடங்குவதற்கு ஒன்று தேவை. அப்பெட்டியின் தொடர் எண் நிலையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். இடி தாக்கிப் பழுதான பெட்டியைக் களப்பணியாளர் மாற்றிவிட்டு, புதியதன் தொடர் எண்ணை அறிவிக்க மறந்தால், ஒளி வந்துகொண்டிருக்கும், பெட்டி கேட்டுக்கொண்டிருக்கும், பேச அனுமதி மட்டும் வாராது. அப்போது 'லாஸ்' என்று குறிக்கப்பெற்ற சிவப்பு விளக்கு அணைந்தே இருக்கும். 'பான்' என்னும் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு எரிந்தால் ஒளியே வரவில்லை, இழையைச் சோதிக்க வேண்டும் என்பதும், பச்சை சிமிட்டினால் ஒளி வந்தும் பதிவு முடியவில்லை, பட்டியலைச் சோதிக்க வேண்டும் என்பதும் பொதுவான விதி. இவ்வேறுபாட்டை அறிந்த ஆசிரியர், தொலைபேசியில் சரியான இடத்தை அழைப்பார். அறியாதவர், கம்பத்தில் ஏறி இறங்கும் வீண் உழைப்பை ஒருவருக்கு உண்டாக்குவார். விளக்குகளின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. கொங்கணி, குஜராத்தி, தமிழ், மலையாளம் எனப் பல மொழிகள் ஒலிக்கும் மட்டாஞ்சேரியின் தெருக்களில், அவ்வெழுத்துகளின் பொருள் எம்மொழியிலும் சுவரில் எழுதப்படவில்லையெனில் அது எவர் குறை?

இதனைக் கூறும்போது, பழையபடி எல்லாவற்றையும் கையாலேயே செய்துகொள்ளலாம் என்று வாதிடுவதாக எவரும் கருத வேண்டா. அது இயலாத செயல். கேரள அரசின் கே-ஃபோன் வலையமைப்பு 2023 ஜூன் 5-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. சுமார் 30,000 அரசு அலுவலகங்களையும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களையும் இணைப்பது அதன் நோக்கம். அதன் இடைநிலையங்கள் 375. மின்வாரியத்தின் துணைமின் நிலையங்களிலேயே அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு வலையமைப்புப் பொறியாளரை இருத்துவது எங்ஙனம்? கொச்சி காக்கநாட்டிலுள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்தே யாவற்றையும் கவனிக்க வேண்டியுள்ளது. கடலையும் எண்ணுக. கொச்சியையும் லட்சத்தீவுகள் பதினொன்றையும் இணைக்கும், ஏறத்தாழ 1,870 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை 2024 ஜனவரி 3-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. வில்லிங்டன் தீவிலிருந்து புறப்படும் கப்பல் அத்தீவுகளை அடைய 14 முதல் 18 மணி நேரம் ஆகும். ஒரு சுவிட்சின் அமைவில் ஒரு வரியை மாற்றுவதற்காக ஒருவரைக் கப்பலேற்றி அனுப்புவது அறிவுடைமையாகாது. தொலைவிலிருந்தே அமைக்கவும் மாற்றவும் உதவும் புனைவுகள் அங்கு ஆடம்பரமல்ல, அத்தியாவசியம்.

ஆனால் தொலைவிலிருந்து வரும் கை எட்டாத நாளும் ஒன்று வரும். 2023 நவம்பர் 8-ஆம் நாள் விடியற்காலையில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனத்தில் நேர்ந்ததை இத்துறையில் உள்ளோர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது நலம். வெளியிலிருந்து வந்த பாதைச் செய்திகள், முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்த பாதுகாப்பு வரம்பைக் கடந்தன. உடனே சுமார் 90 ரூட்டர்கள், தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, தாமாகவே வலையமைப்பிலிருந்து விலகிக்கொண்டன. அவை கெட்டுப்போகவில்லை, தமக்குச் சொல்லி வைத்ததையே செய்தன. ஒரு கோடி மக்களுக்கு மேல் தொடர்பிழந்தனர். அவசர உதவி எண்ணிற்கு விடுத்த அழைப்புகளுள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை சென்று சேரவில்லை. விலகிக்கொண்ட ரூட்டர்களைத் தொலைவிலிருந்து மீண்டும் சேர்க்கவும் இயலவில்லை. ஏனெனில் சேர்ப்பதற்குரிய பாதையும் அவற்றினூடேதான் சென்றது. பணியாளர்கள் பல இடங்களுக்கு நேரிற் சென்று கையால் இயக்கிய பிறகே நிலைமை சீர்பட்டது. தானியங்கு முறை எவ்வளவு முற்றினும், இறுதியில் பூட்டைத் திறந்து உள்ளே செல்பவர் ஒரு களப்பணியாளரே.

மற்றோர் அபாயமும் உண்டு. வீட்டுப் பெட்டிகளைத் தொலைவிலிருந்து அமைப்பதற்காக 2004-இல் வகுக்கப்பட்ட டி.ஆர்.-069 என்னும் முறைக்கெனத் திறந்து வைக்கப்பட்டிருந்த வாயிலைப் பிறர் தட்டியதனால், 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் ரூட்டர்கள் செயலிழந்தன. நம் நாட்டிலும் 2017 ஜூலையில், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த பி.எஸ்.என்.எல். மோடங்கள் தீநிரலால் தாக்குண்டன. தானாகவே அமைந்துவிட்டது, இனி நாம் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணமே இத்தகைய கடவுச்சொற்களை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கச் செய்கின்றது.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. தானே அமைந்துகொள்ளும் கருவி எதனையும் பள்ளியிலோ அலுவலகத்திலோ பொருத்துவோர், ஒரு தாளை உடன் விட்டுச் செல்லுதல் வேண்டும். பெட்டியின் தொடர் எண், வலையமைப்பின் வாயில் எண், எண் வழங்கும் பொறி எது, விளக்குகளின் பொருள், எந்த விளக்கு எரிந்தால் எவரை அழைப்பது, தொலைத்தொடர்பு அற்ற நிலையில் கையால் இயக்குவதற்குரிய துளை எங்குள்ளது என்பவை அதில் இருந்தால் போதும். இவற்றைச் சுவரில் எழுதினால் தீயோர் பயன்படுத்துவர் என்று கூறுவோர் உண்டு. கடவுச்சொல்லைச் சுவரில் எழுத எவரும் சொல்லவில்லை; அது முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியரின் அலமாரியில் இருக்கட்டும். மற்றவை, அவ்வறையில் கணிப்பொறியின் முன் அமரும் எவரும் காணக்கூடியவையே. அறியாதார் கை வைத்துக் கெடுத்துவிடுவர் என்ற வாதமும் வலுவற்றது. கெடுப்பது பெரும்பாலும் அறியாமைதான். பழைய ரூட்டரைக் கொணர்ந்து செருகியவருக்கு அத்தாள் முன்னரே கிடைத்திருந்தால் அவர் அவ்வாறு செய்திரார்.

தாளை எழுதுவோர் யார் என்று கேட்கலாம். கேரளப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கப்பெற்ற லிட்டில் கைட்ஸ் மாணவர் குழுக்கள் உள்ளன. கருவிகளின் பராமரிப்பிலும் அம்மாணவர்கள் பயிற்சி பெறுகின்றனர். 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகளை வழங்கிய ஓர் அமைப்பு, பள்ளிக்கு ஒரு தாள் வழங்குவது அரிதன்று. வலையமைப்பின் பொறியாளர் விவரங்களைத் தர, மாணவர் எழுத, ஆசிரியர் சரிபார்க்கலாம். ஒரு பக்கம் மலையாளத்தில், மறுபக்கம் அவ்வட்டாரத்தில் வழங்கும் மற்றொரு மொழியில். தமிழ்ப் பக்கத்தைப் பொறுத்தவரை, 'தானாகவே' என்று வரும் இடந்தோறும், 'இன்னார் முன்னரே குறித்து வைத்தபடி' என்று விரித்து எழுதுமாறு மட்டும் கேட்டுக்கொள்வேன். வாக்கியம் நீளும், நீளட்டும்.

கேரளத்தில் இடியும் மின்னலும் மிகுவது ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷ காலத்திலும். கோடை விடுமுறையில் பூட்டிய அறையில் பெட்டி பழுதாகி, ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த பின்னரே அது தெரிய வருதல் கூடும். விடுமுறைக்கு முன் மார்ச் மாதத்திலேயே தாளை எழுதித் தொங்கவிட்டு, மின்செருகியைக் கழற்றி வைத்துப் பூட்டிச் செல்லலாம்.