ஆயில் சீலை மாற்றும் முன்

பழைய காரின் அடியில் எண்ணெய் சொட்டினால் உடனே வரும் தீர்ப்பு, "சீல் போச்சு" என்பதுதான். போயிருக்கலாம். ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி ஒழுகும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ட்ரையம்ஃப் ஹெரால்டை மூலமாக வைத்து 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூர் பக்கம் தயாரான கார், 948 சிசி எஞ்சின். 1968-இல் வந்த அதன் நான்கு கதவு மாடல் நம் நாட்டில் மட்டுமே உருவானது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு வருவது பெரும்பாலும் ஏற்றம். அப்படி ஏறி வந்த ஒருநாள், முன்பக்கப் புல்லியைச் சுற்றி எண்ணெய் தெறித்திருந்தது.

முதல் வேலை துடைப்பதுதான். எஞ்சினை டீசல் போட்டுக் கழுவிக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓட்டினால் ஒழுகல் தொடங்கும் இடம் ஈரமாகத் தெரியும். டேப்பெட் கவர் பேக்கிங்கில் கசிவது கீழே இறங்கி சீல் மேல் பழியைப் போட்டுவிடும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைந்திருந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலோ உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலைத் தாண்டியும் எண்ணெய் வெளியே வரும். இவற்றையெல்லாம் பார்க்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

எங்கள் வண்டியில் குற்றவாளி புல்லியின் கழுத்து. சீலின் ரப்பர் உதடு பல்லாண்டுகள் ஒரே இடத்தில் உரசி இரும்பிலேயே பள்ளம் விழுந்திருந்தது. ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்றால், தேய்க்கும். உதட்டில் ஒட்டும் நுண்தூசி அரமாக மாறிவிடுகிறது. லேத் பட்டறைக்காரர் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "நகம் தட்டுது சார். இதுமேல எந்த சீல் போட்டாலும் நிக்காது." கழுத்தைக் கடைந்து, ஸ்லீவ் ஏற்றி, பழைய அளவுக்கே கிரைண்டிங் செய்து கொடுத்தார்.

இந்தக் கைத்திறன் ஓசூரின் சொத்து. 1970-களில் சிப்காட் வந்தது, 1980-இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் வெளியானது. அசோக் லேலண்டும் வந்தது. அவற்றுக்கு உதிரி பாகம் செய்து வளர்ந்த சிறு பட்டறைகளில் மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைகள் இருக்கின்றன. சீல் வாங்க எல்லை தாண்டி பெங்களூரு ஜே.சி. ரோடு வரை போகலாம். தண்டைச் சரிசெய்ய எங்கும் போக வேண்டியதில்லை.

மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சாயாமல் நேராக இறக்க வேண்டும். பிரிட்டிஷ் வம்ச எஞ்சின் என்பதால் அளவு அங்குலத்தில் இருக்கும். ஏறக்குறையப் பொருந்தும் மில்லிமீட்டர் சீலைத் தட்டி இறக்குவது வீண்.

பின்பக்கக் கதை வேறு. இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகுப் பள்ளம் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அதைச் சூழ்ந்த அலுமினியக் கூட்டை ஃபீலர் கேஜ் வைத்துச் சுற்றிலும் ஒரே இடைவெளியில் நிறுத்த வேண்டும். எஞ்சின் நின்றால் பள்ளமும் வேலை செய்யாது, ஆகவே நிறுத்திய பின் ஓரிரு சொட்டு விழுவது இயல்பு. அதற்காகக் காருக்குள்ளிருந்து கியர் பாக்ஸைக் கழற்றி எடுக்கத் தேவையில்லை. கிளட்ச் தட்டு எண்ணெயில் நனைந்து வழுக்கினால் மட்டும் பிரியுங்கள். சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி எண்ணெய் திரும்பும் வழியை அடைக்க யாரையும் விடாதீர்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றிய புல்லியை, தண்டை, பழைய சீலை எறிந்துவிடாமல் நேரே லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். புதிய சீலை அதன் பிறகு வாங்குங்கள்.