புரோநோட்டுக்கு இருக்கும் மதிப்பு

புரோநோட்டு வழக்குகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், மூன்று வருடக் கெடுவுக்குள் கடன் கொடுத்தவர் கோர்ட்டுப் படியேறலாம். வாங்கியவர் இறந்துபோனாலும், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பதில் சொல்லியாக வேண்டும். கூண்டில் நிற்பவரிடம் "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டதும் பாதிப் பேர் சுரம் இறங்கிவிடுவார்கள்.

இந்தப் 'புரோ', வாக்குறுதி என்று பொருள்படும் லத்தீனின் 'புரோமிஸ்ஸும்' வழி வந்தது. ரோமானியர்களுக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. ஒருவர் தானாக முன்வந்து ஊருக்குக் கொடுக்கும் வாக்குக்கு 'பொல்லிகிதாத்தியோ' என்று தனிப்பெயர் வைத்தார்கள். பதவி கிடைத்ததற்காகவோ, கிடைக்கப்போவதற்காகவோ மண்டபம் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். பதவிக்காகச் சொன்ன வாக்கு கடனுக்குச் சமம், வாரிசுகள் கைக்கு வந்தாலும் அதில் சல்லிக்காசு குறையாது என்றார் சட்ட அறிஞர் உல்பியன். 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் ஐம்பதாம் புத்தகத்தில் இது இருக்கிறது. வெறும் ஏட்டுச்சுரைக்காய் இல்லை. வட ஆப்பிரிக்காவின் ரோமானிய நகரங்களில் கிடைத்த கல்வெட்டுகளில், சொன்ன தொகை இவ்வளவு, மேலே போட்டது இவ்வளவு, முடித்துவைத்தவர்கள் வாரிசுகள் என்றெல்லாம் பொறித்திருக்கிறார்கள்.

நம்மூரில்? இலவச டிவி, மிக்ஸி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், தேர்தல் அறிக்கையில் சொல்வது முறைகேடான செயல் ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து, நிதிக்கு வழி என்ன என்பதை அறிக்கையில் கோடிகாட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்தது. காட்டாவிட்டால் தண்டிக்க அதில் பல் கிடையாது.

ரோமானியர் கொடுத்தது சொந்தக் காசு, நம்மவர்கள் சொல்வது அரசுக் கஜானாவை நம்பி என்று சக வக்கீல் ஒருவர் மடக்கினார். நியாயம்தான். சொந்தக் காசைத் தருகிறேன் என்று வேட்பாளர் இங்கே வாக்காளரிடம் சொன்னால் அதற்குப் பெயர் லஞ்சம். ஆனால், அடுத்தவன் பணத்தில் வாக்குக் கொடுப்பவனுக்குக் கட்டுப்பாடு கூடத்தானே வேண்டும்?

வாக்குறுதியை நிறைவேற்றாதவரை ஜெயிலில் போடச் சொல்லவில்லை. வேட்புமனுவோடு சொத்தையும் வழக்குகளையும் எழுதித் தரும் பிரமாணப் பத்திரம், படிவம் 26, இருக்கிறதே, அதில் இரண்டு கட்டங்கள் சேர்க்கலாம். தொகுதிக்கு என்ன செய்வேன், என்ன செலவாகும், எப்போது முடிப்பேன் என்று ஒன்று. மறுபடி நிற்பவராக இருந்தால், போன தடவை எழுதியது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்னொன்று. அதில் தெரிந்தே பொய் எழுதினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. இதற்கென்று புதுச் சட்டம் வேண்டியதில்லை, படிவத்தைத் திருத்தினால் போதும்.